அரக்கு நாற்காலிக்கு ஒரு ரிப்போர்ட்

மெதுவாப் போங்க தம்பி. வேகத்தடை வந்தா சித்த நிறுத்தி ஏத்துங்க. பின்னால இருக்கறது சிமெண்டு மூட்டை இல்லீங்க, நாற்காலி. கட்டறப்பவே சொன்னேன், துணி மேல கயிறு படக் கூடாது, காலுல மட்டும் கட்டுங்கன்னு. அப்ப என்னைய ஒரு பார்வ பாத்தீங்க. ஒத்த நாற்காலிக்கு ஒரு குட்டி யானை வண்டியான்னு. பாத்துக்கங்க, எனக்கொண்ணும் இல்ல. வாடகை பேசியாச்சு. ஏத்தறது ஒண்ணா இருந்தா உங்களுக்கென்ன, ஒம்பதா இருந்தா உங்களுக்கென்ன.

எங்க போறோம்னு கேட்டீங்கல்ல. டெஸ்டிங் லேபுக்கு. ஆமாங்க, துணி டெஸ்ட் பண்ற லேபு. அங்க எல்லாரும் கையளவு துணிய வெட்டிக் கவருல போட்டுக் கொண்டு போவாங்க. நான் நாற்காலியவே கொண்டு போறேன். வெட்டிக் குடுத்தா, அது வேற துணின்னு நாளைக்கு ஒருத்தரு சொல்லுவாரு. முழுசா கண்ணு முன்னால வெச்சு, தேய்ச்சுப் பாத்து, சாயம் போகாதுன்னு சீல் போட்டு எழுதி வாங்கிட்டுத்தான் நான் ஊட்டுக்குத் திரும்பறது. மத்தியானம் ஒரு மணிக்கு சம்மந்தி சாப்பிட வர்றாரு, என்ற மருமகளோட அப்பா. இலை போடறதுக்கு முன்னால அந்தக் காயிதம் அவரு கையில இருக்கணும். அதுக்குத்தான் இந்த வண்டி.

தம்பிக்கு எந்த ஊரு? தேனியா. வந்து எத்தன வருஷமாச்சு? நாலா. அப்பத் திருப்பூரு பாதி தெரிஞ்சிருக்கும். நான் செக்கிங்ல இருந்தவ. இருபத்தாறு வருஷம், ஒரே கம்பெனி. டியூப் லைட்டுக்குக் கீழ நின்னுட்டே, பனியன ஒவ்வொண்ணா மேசையில விரிச்சு, தையலு, ஓட்டை, எண்ணெய்க் கறை, ஷேடு எல்லாம் பாக்கோணும். ஷேடுன்னா நானு. ஒடம்பு ஒரு ரோல்ல வெட்டி, கையி இன்னொரு ரோல்ல வெட்டிருந்தா, கலரு ஒரு நூலு மாறும். உங்க கண்ணுக்குத் தெரியாது. எங்க மேனேஜருக்கே தெரியாது. துளசிமணியக் கூப்புடுங்கன்னுவாரு. நான் பாத்துச் சொன்னாச் சொன்னதுதான். வெளிநாட்டுல இருந்து சரக்கு வாங்கற பையரு வந்து பக்கத்துல நின்னாலும் சொன்னதுதான்.

லேபுன்னு எங்க கம்பெனியிலயே ஒண்ணு இருந்துச்சுங்க. ஏசி ரூமு, வெள்ளக் கோட்டு. மிஷின்ல வெள்ளத் துணிய மாட்டி, பத்துத் தடவ தேய்ச்சு, சாயம் ஒட்டுதான்னு பாப்பாங்க. எனக்கு அவங்களக் கண்டாலே ஆகாது. மிஷின் வெச்சுப் பாக்கறத யாரு வேணாலும் பாக்கலாமே, அதுக்கு எதுக்குக் கோட்டு? இன்னிக்கும் அதத்தான் சொல்லுவேன். ஆனா சம்மந்திக்கு என்ற கண்ணு சொன்னாப் பத்தாது. காயிதம் வேணும். சரி, வாங்கிக் குடுத்துட்டுப் போறேன்.

நாற்காலிக்கு வர்றேன். என்ற பையன் பூபதி போன வருஷம் ஊடு வாங்குனான். மூணாவது மாடி. மருமக பேரு மோகனா, கோபிக்காரி, பேங்க்ல வேல. உள்ள எல்லாம் அழகு பண்றதுக்குன்னு ஒருத்தர வெச்சாங்க. தாடி, லேப்டாப்பு, கழுத்துல ஒரு துண்டு மாதிரி. அவரு பண்ணுனதப் பாக்கோணுமே. செவுரு சாம்பலு, சோபா சாம்பலு, ஜன்னல் துணி சாம்பலு. மூணும் மூணு லாட்டு, தனித்தனியாச் சாயம் முக்குனது. சோபா ஒரு பாயிண்டு நீலத்துல ஓடுது, செவுரு மஞ்சள்ல ஓடுது. சொன்னேன். அந்தத் தம்பி சிரிச்சுட்டுப் போயிட்டாரு.

அப்புறம் அவரே சொல்றாரு, "இங்க ஒரு ஆக்சென்ட் சேர் போடணும்மா"ன்னு. அப்படின்னா என்னங்கன்னேன். "எதோடவும் சேராம, தனியாத் தெரியற ஒரே ஒரு நாற்காலி. உள்ள வந்தவங்க கண்ணு நேரா அதுலதான் போகணும்." எனக்குச் சிரிப்புன்னா சிரிப்பு. எங்க கம்பெனியில தனியாத் தெரிஞ்சா அதுக்கு ரிஜெக்ட்னு பேருங்க, டப்பா தனியா வெச்சிருக்கோம்னேன். மோகனாவும் விழுந்து விழுந்து சிரிச்சா. சிரிச்சுப்போட்டு, "ஏனுங்கத்தை, அந்த நாற்காலிய நீங்களே பாத்து எடுங்க. ஊட்டுல உங்க கலரு ஒண்ணாவது இருக்கட்டும்"னா. ஒப்புக்குச் சொல்லிருப்பா. நான் கெட்டியாப் புடிச்சுட்டேன்.

அந்தத் தாடிக்காரரு விடல. மொதல்ல உங்க ஸ்டைல் என்னன்னு கண்டுபுடிக்கலாம்மான்னு இருபது படம் காட்டுனாரு. எது புடிக்குதுன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல. இதுல கை ரெண்டும் ஒரே ஒசரம் இல்ல, அதுல தையலு கோணலு, இன்னொண்ணுல பட்டன் ஒண்ணு கம்மின்னேன். கடைசியில மூடி வெச்சுட்டு, "உங்க ஸ்டைல் எதுலயும் அடங்கலம்மா"ன்னாரு. அதுவரைக்கும் அவரு சரியாச் சொன்னது அது ஒண்ணுதான்.

மூணு ஞாயித்துக்கெழம சுத்துனோம். மோகனா ஸ்கூட்டர்ல நான் பின்னால. அவளுக்கு லீவுன்னா அந்த ஒரு நாளுதான். ஒரு தடவயாவது சலிச்சுக்கோணுமே? ம்கூம். கடை கடையா நின்னா, நான் கவுத்துப் பாக்கறதுக்கு நாற்காலியத் தூக்கிப் புடிச்சா, வெய்யில்ல பாக்கணும்னா வாசல் வரைக்கும் தூக்கிட்டு வந்தா. வாயத் தொறக்கல. அழுத்தக்காரிங்க அவ. மனசுல என்ன இருக்குதுன்னே தெரியாது.

எனக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு. ஒண்ணு, உக்காந்தாக் காலு தரையில படோணும். நான் குள்ளம், பாக்கறீங்கல்ல. சோபாவுல உக்காந்தா எனக்குக் காலு தொங்குது. இருபத்தாறு வருஷம் நின்னவ, உக்கார்றப்பவும் தொங்கணுமா? ரெண்டாவது கலரு. அரக்குக் கலரு. அதுல ரெண்டு லாட்டு ஒண்ணாட்டம் வரவே வராது. அரக்குல ஆர்டரு வந்தா லைன்ல எல்லாரும் தலையில கைய வெப்பாங்க, என்னையத்தான் தேடுவாங்க. அடுத்தவன் போடற கலரையே பாத்துப் பாத்து அனுப்பிட்டு, நான் ரெண்டு புடவைய மாத்தி மாத்திக் கட்டிட்டுப் போனவ. எனக்குன்னு ஒரு பொருளு, என்ற கண்ணு பாத்து எடுத்தது, நடு ஊட்டுல இருக்கட்டும்னு நெனச்சேன். பேராசையா தம்பி இது?

நாற்காலிக் கட்டை கெடச்சுருச்சு. முதுகு ஒசரமா, ரெண்டு பக்கமும் காது வெச்சாப்புல இருக்குமே, அது. காலு படுது, கையி ரெண்டும் சரி. துணிதான் ரோஸு. கேவலமான ரோஸு. துணிய நான் தர்றேன், நீங்க மாத்திப் போட்டுக் குடுங்கன்னுட்டேன். தெரிஞ்ச எடத்துல மீந்த ரோலு ஒண்ணு கெடந்துச்சு. வெல்வெட்டு, அரக்கு. வெய்யில்ல விரிச்சேன், சாயங்காலம் ஒருக்கா விரிச்சேன், டியூப் லைட்டுல ஒருக்கா. மூணுலயும் மாறவே இல்ல. அப்படி ஒரு ஷேடு நான் சர்வீஸ்ல பாத்ததில்ல.

அப்பத்தான் இவ பக்கத்துல இருந்து, "ஏனுங்கத்தை, சாயம் போகாதுங்களா? ஒருக்காத் தேய்ச்சுப் பாத்துக்கலாமா?"ங்கறா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். பேங்க்ல உக்காந்து பேப்பரத் தள்றவ எனக்குத் துணி சொல்லித் தர்றாளா? "நான் பாத்தா லேபு பாத்த மாதிரி, நீ பேசாம இரு"ன்னேன். பேசாம இருந்துட்டா. அதான் சொன்னேனே, அழுத்தக்காரி.

இந்த சிக்னல்ல எப்பவும் நேரமாகும். என்ஜின அணைச்சுருங்க.

சித்திரையில புதுமனை புகுவிழா. மொத நாளு பொழுதோட நாற்காலி வந்துருச்சு. பிளாஸ்டிக் கவரு போட்டு, அடியில டேப்பு ஒட்டி அனுப்பிருந்தாங்க. நான் யாரையும் தொட உடல. பூபதி உக்காரப் போனான், எந்திரிடான்னேன். சம்மந்திதான் மொதல்ல உக்காரோணும்னு எனக்கொரு இது. அவரு பேரு குழந்தைசாமி. கோபியில மதிப்பான மனுசன். எப்பப் பாத்தாலும் வெள்ள வேட்டி, வெள்ளச் சட்டை, கஞ்சி போட்டு வெறப்பா நிக்கும். அவரு பொண்ணு வந்து வாழ்ற ஊட்டுல, பையனோட அம்மா சாதாரண பனியன் கம்பெனிக்காரி இல்ல, கண்ணுள்ளவன்னு அவருக்குத் தெரியட்டுமே.

பதினோரு மணிக்கு வந்தாரு. பஸ்ஸுல நின்னுட்டே வந்திருக்காரு, முதுகெல்லாம் வேர்வை. ஹாலு நெறைய ஒறம்பரை, சொந்தக்காரச் சனம். எல்லாரும் பாக்க நானே என்ற கையால கவரக் கிழிச்சு, "சம்மந்தி, இதுல உக்காருங்க"ன்னேன். உக்காந்தாரு. சாஞ்சு உக்காந்தாரு. "நல்ல சொகமா இருக்குதுங்க"ன்னாரு. எனக்கு வகுறு குளுந்து போச்சு. முக்கா மணி நேரம் அதுலயே உக்காந்து பேசிட்டிருந்தாரு. பந்திக்குக் கூப்புட்டாங்க. எந்திரிச்சு முன்னால நடந்தாரு.

மொதல்ல ஒரு புள்ள சிரிச்சுது. அப்புறம் பின்னால வந்த பொம்பளைங்க. நான் திரும்பிப் பாக்கறேன், வேட்டி பூரா, சட்டை முதுகு பூரா, அரக்கு. அந்த மனுசன் என்னன்னு தெரியாம எல்லாரு மூஞ்சியையும் பாக்கறாரு. யாரோ போன்ல போட்டோ எடுக்கறாங்க.

மோகனா சமையக்கட்டுல இருந்து ஓடி வந்தா. வந்தவ ஒரு பார்வ அவங்கப்பாவப் பாத்தா, ஒரு பார்வ என்னையப் பாத்தா. சத்தமாச் சொல்றா, "அப்பா, என்ற தப்புங்கப்பா. வெடியால ஆரத்தித் தட்ட அதுல வெச்சேன், கொட்டிருச்சு. தொடைக்க மறந்துட்டேன்." அவ்வளவுதான். அவரு புடிச்சுட்டாரு. "ஏனம்மிணி, இந்தப் பொறுப்பு கூட இல்லியா உனக்கு? நாலு சனத்துக்கு முன்னால அப்பன இப்படி நிக்க வெச்சுட்டியே. இதுக்கா உன்னையப் படிக்க வெச்சேன்?" தலையக் குனிஞ்சுட்டு நின்னா. பூபதியோட வேட்டிய வாங்கிக் கட்டிட்டு, சாப்பிடாம, பந்தியப் பாக்காம போயிட்டாரு. நானும் ரெண்டு வார்த்த சொன்னேன் அவள. பாத்து வெக்கறதில்லையா கண்ணு, புது நாற்காலி ஆச்சேன்னு.

அதோட போச்சுன்னு பாத்தா, மூணாம் நாளு ஒரு உறை வாங்கிட்டு வந்து நாற்காலிக்கு மாட்டிட்டா. பிஸ்கோத்துக் கலரு. எலாஸ்டிக்கு வெச்சது, எங்கயும் பொருந்தல, மூலையில பை மாதிரி தொங்குது. என்ற அரக்க மூடி. கேட்டா, "இருக்கட்டுங்கத்தை, தூசி படும்"ங்கறா. மூணு வாரமா நான் அந்த ஹாலுல நடக்கறப்ப மூஞ்சியத் திருப்பிட்டுப் போறேன். இன்னிக்கு அவ பேங்குக்கு லீவு போட்டுட்டா. வெடியால, "அப்பா வர்றாருங்கத்தை, உறை கழண்டுராமப் பாத்துக்கங்க"ன்னு சொல்லிட்டுக் காயி வாங்கப் போனா. அவ்வளவுதான். உறையப் புடுங்கி வீசுனேன். உங்களுக்குப் போன் போட்டேன். என்ற நாற்காலி என்ன தப்புப் பண்ணுச்சு, மூடி வெக்கறதுக்கு? ஆரத்தியக் கொட்டுனது அவ. அவளே ஒத்துக்கிட்டா. சாயம் போகலைன்னு ரிப்போர்ட் வந்துச்சுன்னா உறைக்கு வேலையே இல்ல.

என்ன தம்பி? என்ன கேட்டீங்க?

கவரு இருந்துச்சு. ஆமா. சொன்னேனே, நாந்தான் கிழிச்சேன்.

பதினோரு மணிக்கு.

ரோட்டப் பாத்து ஓட்டுங்க தம்பி. முன்னால லாரி போகுதுல்ல.

மூணு வாரமா அந்தக் கேள்விய யாரும் கேக்கல. பூபதி கேக்கல, சம்மந்தி கேக்கல, ஒறம்பரையில ஒருத்தருக்கும் தோணல. தேனியில இருந்து வந்து நீங்க கேட்டுட்டீங்க. கவரு போட்ட நாற்காலியில ஆரத்தி கொட்டுனா கவருலதான் நிக்கும். துணிக்கு எப்படிப் போகும்? எனக்குத் தெரியாதா? அவ வாயத் தொறந்த அந்த நிமிசமே தெரியும். கவரக் கிழிச்ச கையி என்றதுதானே.

தெரிஞ்சும் பேசாம நின்னேன். பேசாமக்கூட நிக்கல, கூடச் சேந்து அவளத் திட்டுனேன். ஏன்னு கேக்காதீங்க. செக்கிங் துளசிமணி எடுத்த துணி சாயம் போச்சுன்னு ஒரு பேச்சு கெளம்புனா, அப்புறம் நான் யாரு? காலு தொங்கிட்டு சோபாவுல உக்காந்திருக்கற ஒரு மாமியாக்காரி. அவ்வளவுதானே. பயந்துட்டேன். இப்பச் சொல்றப்ப வெக்கமா இருக்குதுங்க.

ரிப்போர்ட்டு எதுக்கா? சாயம் போகாதுன்னு சீல் வெச்சுக் காயிதம் வந்துட்டா, ஒரு வேள ஆரத்தியாவே இருக்குமோன்னு நானே நம்பிக்கலாம்னுதான். நான் இன்னும் தேய்ச்சுப் பாக்கல. வெள்ளக் கைக்குட்டைய எடுத்துட்டு மூணு தடவ அது பக்கத்துல போனேன். திரும்பி வந்துட்டேன்.

லேபு வந்துருச்சு, அந்தப் பச்சைக் கேட்டுதான். ஓரமா நிறுத்துங்க. ஹாரன் அடிக்காதீங்க, வாட்ச்மேன் வந்துருவாரு. சித்த இருங்க, எறங்கறேன். உங்க தண்ணி பாட்டிலக் குடுங்க. குடிக்கறதுக்கு இல்ல. கைக்குட்டைய நனைக்கோணும். பின் பலகைய எறக்கி உடுங்க, ஒரு கை குடுங்க, ஏறிக்கறேன். வேர்த்த முதுகுக்கு ஈரத் துணிதான் கணக்கு, காஞ்ச துணியில தேய்ச்சா ஏமாத்து வேலை.

ஒண்ணு.

ரெண்டு.

போதுங்க. பத்துத் தடவ வேணாம். பாத்தீங்களா, கைக்குட்டையில பாதி செவந்துருச்சு. கடை நல்ல கடை, கட்டை நல்ல கட்டை. துணி என்றது. வெய்யில்ல பாத்தேன், லைட்டுல பாத்தேன், ரெண்டே ரெண்டு தடவ தேய்ச்சுப் பாக்கறதுக்கு எனக்குக் கௌரவம் எடங் குடுக்கல. வந்த எடத்துல பேங்க்காரி சொன்னா, அதுவும் காதுல ஏறல.

இல்ல, உள்ள போக வேண்டாம். எதுக்கு? அங்க காயிதம் வாங்கிக் கொண்டு போயி சம்மந்திகிட்டக் குடுத்தா என்ன ஆகும், சொல்லுங்க. சாயம் போகுதுன்னு எழுதிருப்பாங்க. அப்ப ஆரத்தின்னு சொன்னது பொய்யின்னு ஆகும். பெத்த அப்பன்கிட்டப் பொய் சொன்னவன்னு அவ மறுபடியும் அந்த ஹாலுல தலையக் குனிஞ்சு நிக்கோணும். நான் நாற்காலிய டெஸ்ட் பண்ணக் கொண்டு வந்தேன்னு நெனச்சேன். அவளத்தான் கொண்டு வந்திருக்கேன்.

எங்க செக்கிங்ல ஒவ்வொருத்திக்கும் ஒரு நம்பரு உண்டுங்க. பாத்து முடிச்ச பீஸ் மேல அந்த ஸ்டிக்கர ஒட்டோணும். என்ற நம்பரு பதினேழு. பீஸ் திரும்பி வந்துச்சுன்னா நம்பரப் பாத்துத்தான் கூப்புடுவாங்க. ஒரு தடவ பக்கத்து மேசக்காரி பாவம் பாத்து, துளசிமணிக்கு ஒடம்பு செரியில்ல, இத என்ற பேருல போட்டுக்கங்கன்னா. ஒரு கத்து கத்துனேன். என்ற நம்பரு ஒட்டுன பீஸுக்கு இன்னொருத்தி எதுக்குப் பதில் சொல்லோணும்? இது அப்படித்தான். இந்தச் சின்னக் கழுத என்னையக் கேக்காம என்ற தப்ப எடுத்து அவ பேருல போட்டுக்கிட்டா. யாரு குடுத்தா அவளுக்கு உரிமை? மூணு ஞாயித்துக்கெழம தூக்கிச் சொமந்தா, சலிக்கல. திட்டு வாங்குனா, என்னையக் காட்டிக் குடுக்கல. உறையக் கூட எதுக்கு வாங்கிருக்கான்னு இப்பத்தானே தெரியுது. அடுத்த வேட்டி செவந்துச்சுன்னா எனக்குத் தலை காட்ட எடமிருக்காதுன்னு வாங்கிருக்கா. தூசியாம் தூசி.

இருங்க, போனு. அவதான்.

சொல்லு அம்மிணி. வண்டியிலதான் இருக்கேன். ஆமா, நாற்காலியும் இருக்குது. லேபு வாசல்ல. இல்ல, உள்ள போகல. தேய்ச்சுப் பாத்தேன். ம். நீ சொன்னதுதான். உங்கப்பா கெளம்பிட்டாரா? எந்த எடம் வந்திருக்காரு? சரி. உறையத் தேட வேண்டாம், அத மடிச்சு உள்ள வெய்யி. வெய்யின்னா வெய்யி. நீ எதுக்கு அன்னிக்கு என்ற தப்ப எடுத்துக்கிட்ட? உன்னைய யாரு கேட்டா? பேசாத, உங்கப்பாகிட்ட நான் பேசறேன், உன்ற பொய்யி எனக்காகங்கறதையும் சேத்து. நீ ஒருக்காப் பேசிட்ட, அது போதும். அழுகாத கண்ணு. ரசத்துக்குப் புளி கரைச்சியா? கரைச்சு வெய்யி, நான் வந்து தாளிக்கறேன்.

வெச்சுட்டேன். வண்டியத் திருப்புங்க தம்பி. ஊட்டுக்குத்தான். கயித்த இந்தத் தடவ எப்படி வேணாலும் கட்டிக்கங்க, துணி மேல பட்டாப் படட்டும். துணிய உரிச்சுட்டு வேற போடத்தான் போறேன். அதுவும் அரக்குதான். அதுல எந்த மாத்தமும் இல்ல. இந்தத் தடவ அவ தேய்ச்சுப் பாப்பா, நான் பக்கத்துல நிக்கறேன்.

பாட்டுப் போடாதீங்க. சம்மந்தி ஒரு மணிக்கு வந்துருவாரு, இலை முன்னால உக்கார்றதுக்கு முந்திச் சொல்லியாகோணும். இருபத்தாறு வருஷத்துல இந்த வாயில அது வந்ததே இல்ல. இந்த ரோட்டுலயே சொல்லிப் பழகிக்கறேன், நீங்க அவரு எடத்துல இருந்து கேளுங்க. சரியா வருதான்னு சொல்லுங்க.

சம்மந்தி, அது என்ற தப்புங்க.